பிரின்டரின் ஞாபகம்

புணேயில் வீடு வாடகைக்கு எடுப்பவருக்கு ஜெராக்ஸ் எடுத்தே பாதி நாள் போய்விடும். வாடகை ஒப்பந்தத்தை எழுதி, பதிவும் செய்ய வேண்டும் என்கிறது மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999. அதற்கு ஆதார், பான் நகல்கள். போலீஸ் சரிபார்ப்புக்கு இன்னொரு செட். ஹிஞ்சவடியிலும் கராடியிலும் வேலைக்குச் சேரும் நம் பிள்ளைகள் பலர் இதை அலுவலகப் பிரின்டரிலேயே முடித்துக்கொள்கிறார்கள். தாள் கைக்கு வந்துவிடுகிறது. எந்திரத்துக்குள் என்ன தங்கியது என்று கேட்பாரில்லை.

பெரிய அலுவலகப் பிரின்டர் ஒரு கணினிதான். 600 டிபிஐ தரத்தில் ஒரு ஏ4 பக்கம் என்றால் ஏறக்குறைய மூன்றரைக் கோடிப் புள்ளிகள். கறுப்பு வெள்ளையில் 4 எம்பி போதும். நான்கு வண்ண மையில், சுருக்காமல் வைத்தால், 140 எம்பி வரை போகும். ‘மெமரி ஃபுல்’ என்று எந்திரம் முரண்டு பிடிப்பது இதனால்தான். அணைத்துப் போட்டால் ரேம் காலியாகும், வேலையும் நடக்கும். ஹார்ட் டிஸ்கில் சேமித்த கோப்புகளோ பெரும்பாலும் அப்படியே இருக்கும்.

சம்பளச் சீட்டும் மருத்துவ அறிக்கையும் ட்ரேயில் அநாதையாகக் கிடந்ததால்தான், ‘பின்’ எண் போட்டால் மட்டும் அச்சாகும் வசதி வந்தது. நல்ல வசதி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அச்சிட அனுப்பிவிட்டு எடுக்க மறந்தவரின் கோப்பு ட்ரேக்குப் பதில் டிஸ்கில் கிடக்கிறது. ஆபத்து இடம் மாறியிருக்கிறது, அவ்வளவே. அதை எத்தனை மணி நேரத்தில் அழிக்க வேண்டும் என்று சொல்லிவைக்கப் பல எந்திரங்களில் வழி உண்டு. அதைத் தொடுவது யார் பொறுப்பு? அட்மின் ஐடி பிரிவைக் காட்டுவார். ஐடி பிரிவு, எந்திரத்தை வாடகைக்குக் கொடுத்தவரைக் காட்டும்.

பட்டியலிலிருந்து நீக்கினாலும் தீராது. மேலெழுதி அழிக்கும் வசதியோ குறியாக்கமோ இல்லாத டிஸ்கில் பெயர்தான் போகும், சரக்கு இருக்கும்.

இதன் விலையை நியூயார்க்கின் அஃபினிட்டி ஹெல்த் பிளான் என்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் கொடுத்தது. 2010-இல் சிபிஎஸ் தொலைக்காட்சி பழைய நகலெடுப்பு எந்திரங்களை வாங்கிப் பிரித்துப் பார்த்தது. அந்த நிறுவனம் வாடகைக்கு வைத்திருந்து திருப்பிக் கொடுத்த ஒன்றில் நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகள் இருந்தன. பாதிக்கப்பட்டிருக்கக்கூடியவர்கள் 3,44,579 பேர் என்று மதிப்பிட்டார்கள். 2013-இல் 12,15,780 டாலர் கட்டித்தான் அந்த நிறுவனம் வழக்கை முடித்தது.

நம் நாட்டில் நடந்ததையும் பாருங்கள். ஆதார் நகலைக் கண்டவரிடம் கொடுக்காதீர்கள் என்று 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம் எச்சரித்தது. தவறாகப் புரிந்துகொள்ளப்படும் என்று சொல்லி இரண்டே நாளில் அது திரும்பப் பெறப்பட்டது. எச்சரிக்கை போனது, ஜெராக்ஸ் பழக்கம் போகவில்லை.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தாளில் வாங்கிப் பிறகு டிஜிட்டலாக்கிய தகவலுக்கும் பொருந்தும். தேவை முடிந்ததும் அழிக்கச் சொல்கிறது. பாதுகாப்பில் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது. பிரின்டர் என்ற பெயர் சட்டத்தில் இல்லை. ஆனால் ஸ்கேன் செய்த ஆதார் ஹார்ட் டிஸ்கில் தங்கினால், அது டிஜிட்டல் தரவு இல்லை என்று எந்த நிறுவனமும் வாதாட முடியாது என்பது என் கருத்து. வெளியாள் ஒருவரிடம் வேலையை ஒப்படைத்தாலும், பொறுப்பு நிறுவனத்தை விட்டுப் போகாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆகவே எந்திரத்தை வாடகைக்குக் கொடுத்தவரைக் கைகாட்டித் தப்பிக்க முடியாது.

செலவு பெரிதில்லை. நிறுத்திவைத்த கோப்பு ஒரு நாளில் தானே அழியட்டும். மேலெழுதி அழிப்பதால் எந்திரம் சற்று மெதுவாகும், பொறுத்துக்கொள்ளலாம். பிரின்டர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது, ‘டிஸ்கை அழித்து, எழுத்தில் சான்று தந்த பிறகே எந்திரம் வெளியேறும்’ என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி உங்கள் அட்மினிடம் கேளுங்கள்.