அடைச்சு விட்ட பைப்

“அந்தப் பைப் தேவையில்ல தம்பி, அடைச்சு விட்டிருக்கு.”

பழைய வாகனம் வச்சிருக்கிற ஆக்கள் ஒரு தடவையாவது இந்த வசனத்தைக் கேட்டிருப்பீங்க. சொல்ற பாஸ் பொய் சொல்லல. வண்டி ஸ்டார்ட் ஆகுது, ஓடுது, இழுக்குது. காசைக் குடுத்திட்டு நாங்களும் வந்துடுறோம். ஆனா அது தேவையில்லாத பைப் இல்ல. அது எதுக்குன்னு கேட்காம நாங்க வந்துடுறதில ஒரு நட்டம் இருக்கு. அந்த நட்டம் பெற்றோலோட மட்டும் முடியிறதும் இல்ல.

முதல்ல, எந்தப் பைப்? கார்பரேட்டர் பக்கத்திலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் பைப் கிளம்பி, டைமிங் தட்டுக்குப் பக்கத்தில ஒட்டியிருக்கிற சின்னத் தகர டப்பாவுக்குப் போகும். டப்பாவுக்குள்ள ஒரு ரப்பர் சவ்வு, ஒரு ஸ்பிரிங். சவ்வில கொளுவின ஒரு கம்பி டைமிங் தட்டைப் பிடிச்சிருக்கும். இதுதான் வெக்கியூம் அட்வான்ஸ். எங்கட ஊரில இதைப் பார்க்கணும்னா மொரிஸ் மைனர் 1000 வச்சிருக்கிற ஒரு வீட்டுக்குப் போய் பொனட்டைத் திறந்தா போதும், டிஸ்ட்ரிபியூட்டரோட பக்கத்தில தொங்கிக்கொண்டிருக்கும். மோட்டார் சைக்கிள்ல இது அரிது. 1978இல வந்த யமஹா எக்ஸ்எஸ் 1100, அதுக்குப் பிறகு வந்த எக்ஸ்ஜே 650 மாதிரிப் பெரிய பைக்குகள்ல இருந்தது. சின்ன பைக்குகளுக்கு இன்ஜின் வேகத்தை மட்டும் பார்த்து டைமிங்கை மாத்தினா போதும்னு பெரும்பாலான கம்பனிகள் விட்டுட்டாங்க. ஏன் சில பேர் மட்டும் அப்படி விடல என்கிறதிலதான் விஷயம் இருக்கு.

மத்தியானம் பன்னிரண்டரைக்குச் சோறு வேணும்னா பன்னிரண்டரைக்கு அடுப்பைப் பத்தவைக்க மாட்டோம். இன்ஜினும் அப்படித்தான். பிளக் பொறி விட்ட உடனே உள்ளுக்குள்ள இருக்கிற பெற்றோலும் காற்றும் ஒரேயடியா வெடிக்கிறதில்ல. தீ பிளக்கிலிருந்து கிளம்பிப் பரவ நேரம் எடுக்கும். பிஸ்டன் உச்சிக்குப் போய்த் திரும்பி இறங்கத் தொடங்கின கொஞ்சத்தில அழுத்தம் அதிகமா இருந்தாத்தான் அந்தத் தள்ளு வீணாகாது. அதனால பிஸ்டன் உச்சிக்கு வர முந்தியே பொறி விடணும். எவ்வளவு முந்தி என்கிறதுதான் டைமிங்.

இங்க முதல் சிக்கல் வேகம். நிமிஷத்துக்கு 3000 சுத்து ஓடுற இன்ஜினில கிராங்க் ஒரு மில்லிசெக்கனுக்கு 18 பாகை திரும்பும். 6000 சுத்துக்கு 36 பாகை. தீ பரவ எடுக்கிற நேரம் அதே அளவுக்குக் குறையாது. ஆகவே வேகம் கூடக்கூடப் பொறியும் முந்தி வரணும். ஆரம்ப காலப் பைக்குகள்ல இதை ஓட்டுறவரே செய்தார். ஹாண்டிலில ஒரு சின்ன லிவர் இருக்கும். ஸ்டார்ட் பண்ணும்போது பின்னுக்கு, ஓடும்போது முன்னுக்கு. மறந்துபோய் முன்னுக்கு வச்சுக் கிக் அடிச்சா கிக்கர் திருப்பிக் காலில அடிக்கும். பிறகு அந்த வேலையை ஸ்பிரிங்கில கட்டின இரண்டு எடைக் கட்டிகள் எடுத்துக்கொண்டன. சுத்துற வேகத்தில அவை வெளியில விரிய, டைமிங் தானா முந்தும்.

ரெண்டாவது சிக்கல் சுமை. இதை எங்களில பலர் யோசிக்கிறதே இல்ல. வெள்ளவத்தை மரைன் டிரைவில கடல் காத்து வாங்கிக்கொண்டு ஒரே சீராப் போறீங்க. அக்ஸிலேட்டர் கொஞ்சம்தான் திறந்திருக்கு. இன்னொரு நாள் அதே பைக்கில பின்னால ஒருத்தரை ஏத்திக்கொண்டு புதுக்கடை ஏத்தத்தில ஏறுறீங்க. அக்ஸிலேட்டர் முழுசாத் திறந்திருக்கு. இன்ஜினோட சுத்து ரெண்டு இடத்திலயும் ஒரே அளவா இருக்கலாம். எடைக் கட்டிகளுக்குச் சுத்து மட்டும்தான் தெரியும், அதால ரெண்டுக்கும் ஒரே டைமிங்கைத்தான் குடுக்கும். ஆனா உள்ளுக்குள்ள எரியிறது ஒண்ணு இல்ல. ஏத்தத்தில சிலிண்டர் நிறையக் கலவை. நெருக்கமா அடுக்கின தீக்குச்சி மாதிரி தீ டக்குனு பரவும். மரைன் டிரைவில உள்ள வந்த கலவை கொஞ்சம், முந்தின தடவை எரிஞ்ச புகையிலயும் ஒரு பங்கு மிச்சம் நிக்குது. தள்ளித் தள்ளி வச்ச தீக்குச்சி மாதிரித் தீ மெல்லத்தான் நகரும். மெல்ல எரியிற தீயை இன்னும் முந்தியே பத்தவைக்கணும்.

இன்ஜினுக்குச் சுமை கூடவா குறைவா என்று எப்படித் தெரியும்? அங்கதான் அந்த ரப்பர் பைப் வருது. அக்ஸிலேட்டர் கொஞ்சம் திறந்திருந்தா இன்ஜின் காற்றுக்குத் தவிக்கும். இன்டேக் பாதையில அழுத்தம் வெளியில இருக்கிறதைவிட நல்லாக் குறையும். முழுசாத் திறந்தா உள்ளும் வெளியும் கிட்டத்தட்ட சமன். இதை வெற்றிடம் என்று சொல்றதில ஒரு மயக்கம் இருக்கு, ஏன்னா அங்க ஒண்ணுமே இல்லாமல் இல்ல. சவ்வை யாரும் உள்ள இருந்து இழுக்கிறதும் இல்ல. ஸ்ட்ரோவில சோடா ஏறுற மாதிரி, வெளியில இருக்கிற காற்று அதைத் தள்ளுது. சவ்வு நகரக் கம்பி நகரும், கம்பி நகர டைமிங் தட்டுத் திரும்பும், பொறி இன்னும் 10, 15 பாகை முந்தும். ஏத்தத்தில முழுசா முறுக்கின உடனே அழுத்த வித்தியாசம் போயிடும், ஸ்பிரிங் தட்டைப் பழைய இடத்துக்குத் தள்ளிடும். இல்லாட்டி நொக் பண்ணும். கரண்ட் இல்ல, சென்சர் இல்ல, சிப் இல்ல. ஒரு ரப்பர் துண்டு இன்ஜினோட மூச்சைப் பிடிச்சுப் பார்த்துக்கொண்டே இருக்கு.

இப்ப கராஜுக்கு வருவோம். பைப் ஏன் அடைபடுது? ரெண்டு காரணம். ஒண்ணு, டைமிங் லைட் பிடிச்சு டைமிங் வைக்கும்போது அந்தப் பைப்பைக் கழற்றி அடைச்சுவிட்டுத்தான் வைக்கணும். அது சரியான முறை. வேலை முடிஞ்சதும் திரும்பக் கொளுவ மறந்தா, தற்காலிகமாப் போட்ட அடைப்பு நிரந்தரமாயிடும். மற்றது, ரப்பர் வெடிச்சாலோ சவ்வு கிழிஞ்சாலோ அதுக்குள்ளால தேவையில்லாத காற்றுப் புகும். ஸ்லோ ஒழுங்கா நிக்காது, இன்ஜின் தடுமாறும். பைப்பை அடைச்ச உடனே தடுமாற்றம் நிண்டுடும். அடைச்சது மருந்து மாதிரித் தெரியும்.

அதுக்குப் பிறகு ஒரு டெஸ்ட். பாஸ் பைக்கை எடுத்துக்கொண்டு ஒழுங்கை முனைவரைக்கும் போவார். எப்படி? முழுசா முறுக்கிக்கொண்டு! முழுசா முறுக்கும்போது வெக்கியூம் அட்வான்ஸுக்கு வேலையே இல்ல என்று மேல சொன்னேன். ஆகவே பைப் இருந்தாலும் இல்லாட்டியும் அந்த டெஸ்டில பைக் ஒரே மாதிரித்தான் இழுக்கும். பாஸுக்கும் திருப்தி, எங்களுக்கும் திருப்தி. நட்டம் தெரியிறது அரைக் கையில சீராப் போற நேரத்திலதான். தீ பிந்தி எரியும், தள்ளவேண்டிய சூடு சைலன்சரால வெளியில போகும், பெற்றோல் கொஞ்சம் கொஞ்சமாக் கூடுதலாப் போகும். சத்தம் வராது, புகை வராது, நடுரோட்டில நிக்கவும் மாட்டாது. நாங்க ஓடுற ஓட்டத்தில பெரும்பங்கு அந்த அரைக் கை ஓட்டம்தான். ஆனா யாரும் அதை வச்சு வண்டியைச் சோதிக்கிறதில்ல.

“பழைய கதை, இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்தானே” என்பீங்க. தகர டப்பா போயிட்டுது, உண்மை. ஆனா அந்தக் கேள்வி போகல. பெற்றோல் இன்ஜெக்ஷன் பைக்கில இன்டேக் பாதையில இருக்கிற அழுத்த சென்சர் கேட்கிறதும் இதே கேள்விதான்: இப்ப சுமை எவ்வளவு? ரெண்டுக்கும் நடுவில ஒரு கட்டம் இருந்தது. கொழும்புத் தெருவெல்லாம் ஓடுற பஜாஜ் பல்சரோட கார்பரேட்டர் மொடல்கள்ல ட்ரிக்ஸ் என்று ஒரு ஏற்பாடு. அக்ஸிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கு என்கிறதைக் கார்பரேட்டரில இருக்கிற ஒரு சுவிட்ச் சிடிஐக்குச் சொல்லும். அதுக்கேத்த டைமிங்கை சிடிஐ எடுக்கும். கார்பரேட்டரிலிருந்து போற அந்த மெல்லிய வயரைப் பார்த்து “இது எதுக்கு?” என்று கேட்கத் தெரியாதவங்க, பழைய பைப்பைப் பார்த்தும் கேட்டிருக்க மாட்டாங்க. வயர் கழண்டு கிடந்தாலும் பைக் ஓடும். “ஓடுதுதானே” என்கிற பதில் பைப்புக்கும் வயருக்கும் பொதுவான எதிரி.

இன்னொரு மறுப்பு இருக்கு, அது நியாயமானது. ரேஸ் ஓடுறவங்க வெக்கியூம் அட்வான்ஸைக் கழட்டிப் போடுவாங்க. அவங்களுக்கு அது சரி, அவங்க எப்பவும் முழுசாத் திறந்துதான் ஓடுறாங்க. ரேஸ்காரன் கழட்டினான் என்கிறதுக்காக வேலைக்குப் போற பைக்கில நாங்களும் கழட்டினா, அது பார்த்துச் செய்த வேலை, விளங்கிச் செய்த வேலை இல்ல.

இது எங்களுக்கு ஏன் முக்கியம்? 2020இல வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலதான் திரும்பத் திறந்தது. இடைப்பட்ட காலம் முழுக்க இருந்ததை வச்சுத்தான் ஓடினோம். 2022 ஜூனில 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபா. கியூஆர் முறை தொடங்கினப்போ மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர். ஒரு கணக்குக்கு, லீற்றருக்கு 40 கிலோமீற்றர் ஓடுற பைக் 36க்கு இறங்கினா அந்த 4 லீற்றரில 16 கிலோமீற்றர் போச்சு. ஜிந்துப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தைக்கு ஒரு தடவை போறதுக்கு அது தாராளம். சாப்பாடு டெலிவரி ஓடுற எங்கட வயசுப் பொடியனுக்கு அது அந்த வாரச் சம்பளத்தில ஒரு துண்டு. விலை இறங்கினாலும் கணக்கு மாறாது, தொகைதான் மாறும்.

நான் பாஸ்மாரைக் குறை சொல்லல. பழைய சவ்வு கிடைக்கிறது லேசில்ல. பஞ்சிகாவத்தையில கடை கடையா ஏறி இறங்கணும். அதுக்குச் செலவழிக்கிற அரை நாளுக்கு வாடிக்கையாளர் காசு தரமாட்டார். அடைச்சு விடுறதுக்கு ஐந்து நிமிஷம். குறை இன்னொரு இடத்தில இருக்கு. கராஜில இருக்கிற அறிவு கையில இருக்கு, வாயில இருக்கு, தாளில இல்ல. கராஜில பேசுறது பாதி சிங்களம், மிச்சத்தில டைமிங், அட்வான்ஸ், ரிடார்ட், நொக் என்று இங்கிலீஷ் சொற்கள். பாடப்புத்தகத்தில தகனம், அழுத்தம், வெற்றிடம் எல்லாம் இருக்கு, பரீட்சையும் எழுதிட்டோம். புத்தகத்துத் தகனமும் கராஜ் அட்வான்ஸும் ஒரே தீயைப் பற்றின பேச்சுன்னு யாரும் எங்களுக்குச் சொல்லல. கலைப்பீடத்தில இருக்கிற எங்களைப் போல ஆக்கள் சினிமாவுக்கும் கவிதைக்கும் பக்கம் பக்கமா எழுதுறோம். தினம் ஏறி ஓடுற பொருளைப் பற்றித் தமிழில நாலு பந்தி எழுத ஆள் இல்ல. அது இன்ஜினியரிங் பீடத்துப் பிள்ளைகளோட வேலைன்னு நினைக்கிறோம். அவங்க இங்கிலீஷில படிச்சு இங்கிலீஷில எழுதுறாங்க. நடுவில பைப் அடைபட்டே கிடக்கு.

கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடுவைப் பற்றி ஒரு கதை பிரபலம். வெள்ளைக்கார அதிகாரி ஒருத்தரோட ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, ஹோட்டலில வேலை செஞ்சு காசு சேர்த்து, அந்தப் பைக்கையே வாங்கி, பாகம் பாகமாக் கழற்றி, திரும்பப் பூட்டித்தான் இயந்திரத்தைப் படிச்சார். எல்லாரும் இந்தக் கதையில கழற்றினதைப் பெருமையாச் சொல்லுவாங்க. எனக்குப் பெரிசாத் தெரியிறது திரும்பப் பூட்டினது. ஒவ்வொரு துண்டும் எதுக்கு இருக்குன்னு தெரிஞ்சாத்தான் ஒண்ணும் மிச்சம் விழாமல் பூட்டலாம். கழற்றி, பூட்டி, ரெண்டு துண்டு மிச்சம் வந்து, அதைத் தேவையில்லாததுன்னு எறியிறது படிப்பில்ல.

எல்லாரும் மெக்கானிக் ஆகணும்னு சொல்ல வரல. உங்கட வீட்டில பழைய கார் இருந்தா, சொந்தக்காரர் யாரிடமாவது பழைய பெரிய பைக் இருந்தா, இன்ஜின் ஆறினதும் டைமிங் பக்கத்து டப்பாவில இருந்து வர்ற பைப்பைக் கார்பரேட்டர் பக்கத்தில மெல்லக் கழற்றுங்க. நுனியைத் துடைச்சு வாயால இழுத்து, நாக்கால அடைச்சுப் பிடியுங்க. நாக்கில ஒட்டிக்கொண்டே நிண்டா சவ்வு உயிரோட இருக்கு. காற்று வந்து விட்டுப்போனா சவ்வோ பைப்போ கிழிஞ்சிருக்கு. காசு செலவில்லாத சோதனை. அடுத்த தடவை பாஸ் “தேவையில்ல தம்பி” என்றால், சண்டை பிடிக்காம, “இது எதுக்கு அண்ணே வச்சிருக்கான்?” என்று ஒரு கேள்வி மட்டும் கேளுங்க. பாதிப்பேர் விளங்கப்படுத்துவாங்க, அதைக் கேட்டவங்க யாரும் இல்லாததாலதான் இவ்வளவு நாளும் சொல்லாமல் இருந்திருப்பாங்க. சொல்றதை எழுதி வையுங்க. தமிழில.