கல்லுக்கு எதற்கு ஸ்கேன்?

'மனுஷனுக்கே ஸ்கேன் எடுக்க முடியாமல் ஜி.எச். வாசலில் கியூ நிற்கிறது. இதில் கடலுக்கடியில் கிடக்கும் கல்லுக்கு சிடி ஸ்கேன் ஒரு கேடா?'

பவளப் பாறைகளை ஸ்கேன் செய்து பார்க்கிறார்கள் என்று இந்தப் பக்கத்தில் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி இந்த ரகம். கியூவில் நிற்கிறவரின் கோபம் நியாயமானது. அதைக் கல் மீது காட்டுவதுதான் தப்பு. பவளத்தை ஸ்கேன் செய்வதை உலகம் முழுக்க நாளைக்கே நிறுத்திவிட்டால், மறுநாள் காலையில் உங்கள் ஊர் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு மெஷின் வந்து இறங்கிவிடுமா என்ன?

முதலில் ஒன்று. பவளம் வெறும் கல் இல்லை. பாலிப் என்கிற குட்டியூண்டு ஜந்துக்கள் கடல்நீரிலிருந்து சுண்ணாம்பை எடுத்துத் தமக்குக் கீழே எலும்பாகக் கட்டிக்கொண்டே மேலே ஏறுகின்றன. போரைட்டிஸ் என்ற வகை வருஷத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும். உயிருள்ள சதை மேலே சில மில்லிமீட்டர்தான். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் பழைய வருஷங்கள். அடர்த்தியாக ஒரு பட்டை, அடர்த்தி குறைந்து ஒரு பட்டை. இரண்டும் சேர்ந்தால் ஒரு வருஷம்.

இது நிரூபணமான கதை கொஞ்சம் கசப்பானது. பசிபிக்கில் மார்ஷல் தீவுகளைச் சேர்ந்த எனிவெட்டோக்கில் அமெரிக்கா 1948 முதல் 1958 வரை 43 அணுகுண்டுகளை வெடித்துச் சோதித்தது. பிற்பாடு நட்சன், புட்டமையர், ஸ்மித் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் அங்கிருந்து பவளத்தை எடுத்து, பலகைபோல் அறுத்து, எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். குண்டு வெடித்த காலத்தின் கதிரியக்கம் எலும்புக்குள்ளேயே கோடு கோடாகப் பதிந்திருந்தது. அந்தக் கோடுகளுக்கு நடுவே எத்தனை ஜோடிப் பட்டை என்று எண்ணினால், எத்தனை வருஷமோ அத்தனை. 1972-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். தீவுக்காரர்களை அப்புறப்படுத்திவிட்டுக் குண்டு போட்டார்கள். பவளம் எங்கேயும் போகவில்லை. இருந்த இடத்தில் இருந்து தேதி குறித்து வைத்தது.

எக்ஸ்ரேயில் ஒரு சிக்கல் உண்டு. எந்த இடத்தில் அறுக்கிறீர்களோ அந்த இடம் மட்டும்தான் தெரியும். பவளம் வளர்ந்த திசைக்குச் சாய்வாக அறுத்துவிட்டால் பட்டைகள் மங்கிப்போகும், கணக்கு தப்பும். சிடி ஸ்கேனுக்கு அறுக்கவே வேண்டாம். ஹவுன்ஸ்ஃபீல்டும் கார்மக்கும் 1979-ல் நோபல் வாங்கிய அதே சங்கதிதான். நம் தலைக்குள் பார்க்கிற மெஷினில் பவளத்தைப் படுக்க வைத்தால், முழு உருவமும் கம்ப்யூட்டருக்குள் வந்துவிடும். அப்புறம் எந்தக் கோணத்தில் வேண்டுமானாலும் திரையிலேயே வெட்டிப் பார்க்கலாம். எவ்வளவு நீளம் வளர்ந்தது, எவ்வளவு அடர்த்தி, உள்ளே எத்தனை ஓட்டை எல்லாம் தெரியும்.

நான் பி.காம். படித்தவன். எனக்கு இது ஆடிட் சமாச்சாரமாகத்தான் தெரிகிறது. பவளம் பற்றிப் பத்திரிகைகளில் வருகிற செய்தியெல்லாம் சதவிகிதம். கடலடியில் இத்தனை சதவிகிதப் பரப்பில் உயிருள்ள பவளம் இருக்கிறது என்கிறார்கள். அதாவது டர்ன்ஓவர். டர்ன்ஓவரை மட்டும் காட்டி லோன் கேட்டால் எந்த பேங்க் மேனேஜராவது கொடுப்பாரா? பேலன்ஸ் ஷீட்டை எடு என்பார்.

2022 ஆகஸ்டில் ஆஸ்திரேலியாவில் அதுதான் நடந்தது. கிரேட் பேரியர் ரீஃபின் வடக்கிலும் நடுவிலும் 36 வருஷத்தில் இல்லாத அளவு பவளப் பரப்பு என்று அந்நாட்டுக் கடலியல் நிறுவனம் அறிவித்தது. 'பார்த்தீர்களா, பருவநிலை மாற்றமெல்லாம் சும்மா பூச்சாண்டி' என்று ஒரு கூட்டம் குதித்தது. கூடியிருந்ததில் பெரும்பகுதி அக்ரோபோரா, வேகமாக வளர்ந்து வேகமாக ஒடிகிற ரகம் என்று அதே நிறுவனம் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. 2024-ல் கடல் கொதித்தது. 2025 ஆகஸ்ட் அறிக்கையில், அந்த வடக்கிலேயே 39 வருஷக் கணக்கெடுப்பில் ஒரே ஆண்டில் ஏற்பட்ட மிகப் பெரிய சரிவு. குதித்தவர்கள் இப்போது வேறு தலைப்புக்குப் போயிருப்பார்கள்.

உள்ளே பார்த்தால் என்ன தெரியும் என்பதற்கு ஃபுளோரிடா ஒரு நல்ல பாடம். அங்கே எடுத்த பவளத் தண்டுகளை சிடி ஸ்கேன் செய்து 2018-ல் ஒரு குழு முடிவுகளை வெளியிட்டது. வருஷா வருஷம் பவளம் நீள்வது குறையவில்லை. ஸ்கேல் வைத்து அளக்கிறவர் 'ஆல் ஓகே' என்று கையெழுத்துப் போட்டுவிடுவார். ஆனால் ஒரு முக்கியமான இனத்தில் எலும்பின் அடர்த்தி காலப்போக்கில் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. அதே உயரம், சிமென்ட் குறைவு. நம் ஊர் கான்ட்ராக்டர் கட்டுகிற பாலத்துக்கு இந்த விவரம் போதும், மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

பலாவ் கதை இன்னும் சுவாரசியம். பசிபிக்கில் குட்டி நாடு. அங்கே சில விரிகுடாக்களில் தண்ணீர் இயற்கையாகவே அமிலத்தன்மை கூடியது. உலகக் கடல் நாளைக்கு எப்படி ஆகும் என்கிறார்களோ, அது அங்கே இன்றைக்கே இருக்கிறது. போய்ப் பார்த்தால் பவளம் செழிப்பாக, விதவிதமாக இருக்கிறது. முங்கிப் பார்த்துவிட்டு வருகிறவர் கவலையை விட்டுவிடலாம் என்றுதான் சொல்வார். ஸ்கேன் வேறு கதை சொன்னது. சிப்பியும் புழுவும் துளைத்துத் தள்ளியிருந்தன. 2015-ல் வெளியான ஆய்வின்படி, அமிலம் கூடக் கூட இந்தத் துளைப்பு 11 மடங்கு வரை ஏறியிருந்தது. கரையான் ஏறிய நிலைக்கதவு பார்த்திருப்பீர்கள். வெளியே பெயின்ட் பளபளக்கும், விரலால் அழுத்தினால் விரல் உள்ளே போகும்.

அப்புறம் ஜார்விஸ் தீவு. பசிபிக் நடுவே, ஆளே இல்லாத அமெரிக்கத் தீவு. சாக்கடை இல்லை, சாயப்பட்டறை இல்லை, வலை போடுகிறவர் இல்லை. 2015-16 எல் நினோ வெப்பத்தில் அங்கே பவளத்தில் சுமார் 95 சதவிகிதம் செத்தது. இது முதல் தடவையா, எப்போதும் நடப்பதா? யாரைக் கேட்பது? அங்கேதான் ஆளே கிடையாதே! பவளம் வெளுத்துப் பிழைத்தால், அந்த வருஷ எலும்பில் அசாதாரண அடர்த்தியோடு ஒரு தழும்பு விழும். ஸ்கேனில் அந்தத் தழும்புகளை எண்ணினார்கள். 1960 முதல் பல எல் நினோக்களில் அது வெளுத்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்றிருக்கிறது. 2015-16-ல் விழுந்தது வேறு மாதிரியான அடி. 'உள்ளூர் மீனவர்தான் கெடுத்தார்' என்று இங்கே பழி போட ஆள் கிடைக்காது.

ஸ்கேன் என்றால் எப்போதும் ஒரே பக்கம் பேசும் என்று நினைக்க வேண்டாம். பலாவிலேயே, அத்தனை அமிலத்திலும் பல பவளங்களின் வளர்ச்சி குறையவில்லை என்பதும் அதே ஆய்வில் உண்டு. 'எல்லாம் முடிந்தது, பவளமே செத்தது' என்று ஒப்பாரி வைக்கிறவர்களுக்கு அது பிடிக்காது. பிடிக்காமல் போகட்டும். கட்சிக்காரர் இருவருக்கும் பிடிக்காத ஆடிட்டரைத்தான் எனக்கு நம்பத் தோன்றுகிறது.

ஸ்கேனுக்காகப் பவளத்தையே கொல்கிறார்களே என்றும் ஒரு கடிதம். மூழ்காளர்கள் துரப்பணம் வைத்துச் சில சென்டிமீட்டர் குறுக்களவில் ஒரு தண்டை எடுத்துவிட்டு, ஓட்டையை அடைத்துவிடுகிறார்கள். அடைப்பின் மேல் சதை வளர்ந்து மூடிக்கொள்ளும். நாம் பண்ணியதோடு ஒப்பிட்டால் இது கொசுக்கடி. மன்னார் வளைகுடாவில் பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே 21 தீவுகள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். இரண்டு மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளத்தை வண்டி வண்டியாக வெட்டியது அதற்கு ஒரு முக்கியக் காரணம். 1986-ல் தேசியப் பூங்கா என்று அறிவித்தோம். பவளத்தை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்க 2001 ஆனது.

மீனவர்கள் 'பார்' என்று சொல்லும் இந்தப் பாறைகள்தான் அந்தக் கரையில் அலையின் வேகத்தைக் குறைக்கின்றன. 2010-ல் வெளுத்தன, 2016-ல் வெளுத்தன. தூத்துக்குடி ஆராய்ச்சியாளர்கள் கடலுக்கடியில் டேப் பிடித்து அளக்கிறார்கள். கஷ்டமான, அவசியமான வேலை. ஆனால் நமக்குச் செய்தியாக வருவது மறுபடியும் சதவிகிதம்தான். அதற்குப் பக்கத்தில் அடர்த்தி என்று இன்னொரு பத்தியும், துளை என்று இன்னொரு பத்தியும் போட்டு வருஷா வருஷம் வெளியிடுங்கள் என்று அரசாங்கத்தைக் கேட்பது ஆடம்பரமா? அடுத்த புயலில் எந்தப் பார் ஒடியும், அதற்குப் பின்னால் எந்தக் குப்பம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை. தனி மெஷின்கூட வேண்டாம். வெளிநாடுகளில் பல குழுக்கள் மருத்துவமனை ஸ்கேனரில்தான் வேலையை முடிக்கிறார்கள். நோயாளி யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் ராத்திரியில் செய்யலாம்.

பழைய கணக்கு வேண்டுமென்றால் கடலுக்குள் இறங்கக்கூட வேண்டாம். 1964 டிசம்பர் புயலில் சிதைந்த தனுஷ்கோடி சர்ச்சின் சுவர் பவளக் கல். டூரிஸ்டுகள் அதில் சாய்ந்துகொண்டு செல்ஃபி எடுக்கிறார்கள். ஒவ்வொரு கல்லுக்குள்ளும் எந்தெந்த வருஷங்களோ பட்டை பட்டையாக இருக்கின்றன. கல்லின் வயதைக் கணிக்கத் தனிச் சோதனை இருக்கிறது. மற்றதுக்கு உதிர்ந்து கிடக்கும் ஒரு துண்டும், வனத்துறையின் அனுமதிக் கடிதமும், ராத்திரி சும்மா கிடக்கும் மெஷினில் கால் மணி நேரமும் போதும்.