மணல்மேடு சும்மா கிடக்கிறதா?

கடற்கரை மணல்மேட்டில் ஏறிச் சறுக்கி விளையாட யாருக்குத்தான் ஆசை வராது? "சும்மா கிடக்கிற மணல்தானே" என்று பெரியவர்கள்கூடச் சொல்வார்கள். ஆனால், அது சும்மா கிடக்கவில்லை. ஊருக்குக் காவல் நிற்கிறது!

சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைத் தாண்டி ஓடும் வெள்ளாறு, பரங்கிப்பேட்டை அருகே கடலில் கலக்கிறது. இப்படி ஆறுகள் கொண்டுவரும் மணலை அலைகள் கரையில் ஒதுக்குகின்றன. காற்று அதை அள்ளிச் செல்லும்போது, அடம்புக்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் தடுத்துப் பிடித்துக்கொள்கின்றன. கொஞ்சம் கொஞ்சமாக அது மேடாகிறது.

சாதாரண மழையை மணல் உறிஞ்சிவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும்போதுதான் சிக்கல். உறிஞ்ச முடியாத தண்ணீர் சரிவில் வழிந்தோடும். கொடி இல்லாத இடத்தில் மழைத்துளிகள் மணலைச் சிதறடிக்கும். ஆள் நடந்தும் வண்டி ஓட்டியும் இறுகிய தடத்தில் தண்ணீர் சீக்கிரம் இறங்காது. அந்தத் தடத்தையே வாய்க்காலாக்கி, மணலை அரித்துக்கொண்டு போய்விடும். ஒவ்வொரு மழைக்கும் பள்ளம் பெரிதாகும்.

நம்ப முடியவில்லையா? ஈர மணலில் இரண்டு குவியல் செய்யுங்கள். ஒன்றின்மேல் வைக்கோலைப் பரப்புங்கள். இரண்டின்மீதும் பூவாளியால் தண்ணீர் ஊற்றுங்கள். எது சீக்கிரம் கரைகிறது என்று பாருங்கள்!

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி கடலூர் மாவட்டக் கரையைத் தாக்கியதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உயரமான மணல்மேடு அலையின் வேகத்தைக் குறைக்கும். மேடு அரித்துப்போன பள்ளமோ, கடல்நீர் ஊருக்குள் நுழையும் வாசலாகிவிடும். 2011-ல் மத்திய அரசு வெளியிட்ட கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையும் மணல்மேடுகளைக் காக்க வேண்டிய இடங்களாகச் சேர்த்தது.

"கடலுக்குக் கல்சுவர் கட்டினால் போதாதா?" என்று கேட்கலாம். சுவர் இடிந்தால் மறுபடி பணம் செலவழித்துத்தான் கட்ட வேண்டும். மணல்மேடோ, கொடியும் புல்லும் இருந்தால் தானே வளர்ந்துகொள்ளும்.

மழையை நாம் நிறுத்த முடியாது. ஆனால், அடம்புக்கொடியைப் பிடுங்காமல் இருக்கலாம். மேட்டில் ஆளுக்கொரு வழி போடாமல், ஏற்கெனவே இருக்கும் ஒரே பாதையில் நடக்கலாம். கடல் தூரத்தில் இருக்கும் சேத்தியாத்தோப்புப் பிள்ளைகளுக்கும் இதில் பங்கு உண்டு. வெள்ளாற்று மணலை அள்ளிக்கொண்டே இருந்தால், கரைக்குப் போய்ச் சேரும் புது மணல் குறைந்துவிடும். இதை வீட்டில் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள். பிள்ளைகள் சொன்னால் பெரியவர்களும் கேட்பார்கள்!