மிதிக்கிற வரைக்கும்தான் அது சைக்கிள்



பேட்டரி சைக்கிளோடு நான் நிற்கிற படத்தைத் தம்பி மகன் குடும்பக் குழுவில் போட்டாலும் போட்டான், பத்து நாளாக போன் ஓயவில்லை. "டீச்சர், என்ன விலை?", "அத்தை, எத்தனை கிலோமீட்டர் போகும்?", "பென்ஷன் பத்தலையா அக்கா?" கடைசிக் கேள்வியைக் கேட்டவர் யாரென்று சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும். தனித்தனியாகப் பதில் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், வகுப்பில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்து படியுங்கள்.

நான் சொல்வது எலக்ட்ரிக் ஸ்கூட்டரை அல்ல, பெடல் உள்ள சைக்கிளை. நாம் மிதிக்கும்போது சக்கரத்தில் இருக்கும் சின்ன மோட்டாரும் கூடச் சேர்ந்து தள்ளும். நாம் நிறுத்தினால் அதுவும் நிறுத்திக்கொள்ளும். பெடல் அசிஸ்ட் என்கிறார்கள். நம் கடைகளில் விற்கிற பல வண்டிகளில் இதோடு கைப்பிடியில் ஒரு ஆக்சிலேட்டரும் இருக்கும். அதைத் திருகினால் மிதிக்காமலே போகும். வில்லங்கம் அங்கேதான். காசு பேட்டரியால் மிச்சமாகும், ஆனால் உடம்பு பெடலால்தான் தேறும். ஆக்சிலேட்டரைத் திருகிக்கொண்டே ஊர் சுற்றிவிட்டு, "சைக்கிள் வாங்கியும் சுகர் குறையலை டீச்சர்" என்று யாரும் என்னிடம் வரக் கூடாது.

இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், போன தை மாதம் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்த ஒரு பையனுக்கு மாலை போட்டுவிட்டு வந்தேன். நாற்பத்து நான்கு வயது. மாரடைப்பு. பள்ளிக்கூடத்தில் அவனை ஓரிடத்தில் உட்கார வைக்க முடியாது. பெரியவனான பிறகு வீட்டு வாசலில் பைக் ஏறினால் கடை வாசலில் இறங்கி, ராத்திரி பத்து மணி வரை கல்லாவிலேயே உட்கார்ந்திருந்தான். சைக்கிள் ஓட்டியிருந்தால் பிழைத்திருப்பான் என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்த அவன் வகுப்புப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேரைப் பார்த்தேன். பாதிப் பேர் சட்டைப் பையில் மாத்திரை அட்டை. அன்றிலிருந்து எனக்கு மனசு சரியில்லை.

இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் சொன்னது. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்களிடம் இதைச் சொன்னால் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்கிறீர்கள்: "நேரம் எங்கே டீச்சர்?"

தம்பி மகனையே எடுத்துக்கொள்வோம். புதுக்கோட்டை டவுனில் வேலை. வீட்டிலிருந்து 9 கிலோமீட்டர். ஸ்கூட்டியில் போக அவனுக்கு 18 நிமிடம். இந்த சைக்கிளில் சாவதானமாகப் போனால் 27 நிமிடம். போக வர 54 நிமிடம் மிதிக்கிறான். ஆறு நாளைக்குப் பெருக்கினால் 324 நிமிடம் வருகிறது, கேட்டதைவிட இரண்டு மடங்குக்கு மேல். இதற்கு அவன் கூடுதலாகச் செலவழிப்பது நாளைக்கு 18 நிமிடம் மட்டும். எப்படியும் போய்த்தானே ஆக வேண்டும், அந்த நேரத்துக்குள்ளேயே பயிற்சியும் முடிந்துவிடுகிறது. வாக்கிங் ஷூ வாங்கி அலமாரியில் பூட்டி வைத்திருப்பவர்கள் இதை இரண்டாம் முறை படிக்கவும்.

"மோட்டார் தள்ளினால் அது என்ன பயிற்சி?" என்று நம் பி.டி. சார் கேட்டார். நியாயமான கேள்வி. சாதா சைக்கிளைவிடக் கிலோமீட்டருக்கு உழைப்பு குறைவுதான். ஆனால் சாதா சைக்கிளை நீங்கள் எடுக்கிறீர்களா? ஐரோப்பாவில் ஏழு நகரங்களில் பத்தாயிரம் பேருக்கு மேல் விசாரித்து 2019இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பேட்டரி சைக்கிள்காரர்கள் அதிக தூரம் போவதால், வாரக் கணக்கில் பார்த்தால் அவர்கள் உடலுழைப்பு சாதா சைக்கிள்காரர்களுக்கு ஏறக்குறைய சமமாகவே இருந்தது. என் அனுபவமும் அப்படித்தான். பழைய சைக்கிளில் ஆடிக் காற்று எதிரே அடித்தால் முழங்கால் "வேண்டாம்" என்று சொல்லிவிடும், அன்றைக்கு பஸ்தான். இப்போது மாலைப் பாடம் எடுக்கும் ஊருக்கு 7 கிலோமீட்டர், ஆடியிலும் போனேன். வியர்க்கிறது, மூச்சும் கொஞ்சம் வாங்குகிறது, ஆனால் முழங்கால் வலிக்கவில்லை. மாத்திரையை நான் நிறுத்தவில்லை, நீங்களும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

அடுத்தது காசு. கடைக்காரர் ஒரே வருஷத்தில் போட்ட பணம் வந்துவிடும் என்பார். நம்பாதீர்கள், கணக்குப் போடுங்கள். தம்பி மகனுக்கு மாதம் 26 நாளைக்கு 468 கிலோமீட்டர். டவுன் நெரிசலில் ஸ்கூட்டி லிட்டருக்கு 40 கொடுக்கிறது. பெட்ரோலை 101 ரூபாய் என்று வைத்தால் மாதம் சுமார் 1,180 ரூபாய். சைக்கிள் பேட்டரியை முழுக்க சார்ஜ் செய்ய சுமார் 0.3 யூனிட் ஆகிறது. தினமும் முழு சார்ஜ், யூனிட் பத்து ரூபாய் என்று தாராளமாகவே போட்டாலும் மாதம் 78 ரூபாய். மிச்சம் 1,100 ரூபாய். இதோடு நிறுத்திக்கொண்டால் அது கடைக்காரர் கணக்கு. பேட்டரி மூன்று நான்கு வருஷத்தில் சோர்ந்துவிடும். புதியது வாங்க மாதம் 250 ரூபாயை இப்போதே ஒதுக்க வேண்டும். ஆக உண்மையான மிச்சம் 850. அவன் வண்டி 32,000 ரூபாய். போட்ட பணம் திரும்ப மூன்று வருஷம் தாண்டிவிடும்.

அப்படியானால் லாபம் இல்லையா? ஸ்கூட்டியை வைத்துக்கொண்டே இதையும் வாங்கினால் பெரிய லாபம் இல்லை. வீட்டில் இரண்டு ஸ்கூட்டி இருந்து, அதில் ஒன்றை விற்றுவிட்டு இதை வாங்கினால் நல்ல லாபம். விற்ற பணத்தில் பாதி விலை வந்துவிடும், அதற்கான இன்சூரன்ஸும் சர்வீஸும் நின்றுவிடும். தம்பி மகன் இன்னும் விற்க மனசு வராமல் தடவித் துடைத்துக்கொண்டிருக்கிறான். பொங்கல் வரை தவணை கொடுத்திருக்கிறேன்.

மனசு வராததற்குக் காரணம் தூரமும் இல்லை, காசும் இல்லை. கௌரவம். பதினோராம் வகுப்பில் அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் ஊர் ஊராய்ப் பறந்த பிள்ளைகள்தான் நீங்கள். வேலைக்குப் போய் முதல் சம்பளம் வந்ததும் அதைத் தொழுவத்தில் சாய்த்துவிட்டு பைக்குக்கு முன்பணம் கட்டினீர்கள். சைக்கிளில் போனால் முன்னேறவில்லை என்று அர்த்தம் என எப்போதோ முடிவாகிவிட்டது. வேறு எந்த ஊர்க்காரர் அப்படி நினைத்தாலும் நினைக்கட்டும், புதுக்கோட்டைக்காரர்கள் நினைக்கக் கூடாது. 1991-92இல் அறிவொளி இயக்கம் நடந்தபோது இந்த மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். ஷீலாராணி சுங்கத் கலெக்டர். லேடீஸ் சைக்கிள் போதாமல், குறுக்குக் கம்பி வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே ஏறிப் போனார்கள், அந்தக் கம்பியில் பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டு. உங்களில் பலருடைய அம்மாக்களின் ஹேண்டில் பாரை நான் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறேன். பஸ்ஸுக்கும் ஆம்பளைக்கும் காத்திருக்காமல் போகலாம் என்பதுதான் அன்று அவர்களுக்குக் கிடைத்த கௌரவம். இன்று அந்த வீடுகளில் பேத்தியை டியூஷனுக்குக் கொண்டுபோய்விட அப்பா வரும்வரை எல்லோரும் வாசலில் நிற்கிறார்கள்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. பைபாஸ் ரோட்டில்தான் போயாக வேண்டும் என்றால் வேண்டாம். லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் இந்த வேகத்தில் போவது ஆபத்து. ஒரு வழிக்கு 12 கிலோமீட்டருக்கு மேல் என்றால் ஒரு மாதத்தில் அலுத்துவிடும். மாடிக் குடியிருப்பில் கீழே நிறுத்த இடம் இல்லாதவர்களும் யோசியுங்கள், இருபது கிலோவுக்கு மேல் கனக்கும். பேட்டரியைக் கழற்ற முடிகிற வண்டியாகப் பாருங்கள். கூடக் கொடுத்த சார்ஜரையே பயன்படுத்துங்கள், ராத்திரி முழுக்கச் செருகிவிட்டுத் தூங்க வேண்டாம். 250 வாட்டுக்கு உட்பட்ட மோட்டார், 25 கிலோமீட்டர் வேகத்தோடு நின்றுவிடும் என்பதால்தான் இதற்கு லைசன்ஸும் பதிவும் கேட்பதில்லை. வேகத்தைக் கூட்டித் தருகிறேன் என்று சொல்லும் மெக்கானிக்கிடம் போகாதீர்கள். அந்த வரம்பைத் தாண்டினால் அது சட்டப்படி மோட்டார் வாகனம், விபத்து நடந்தால் மாட்டுவது நீங்கள். லைசன்ஸ் கேட்காவிட்டாலும் ஹெல்மெட் போடுங்கள். சாயங்காலம் திரும்புகிறவர்கள் பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று ஏறும்போதே பாருங்கள்.

விலையும் மாடலும் இன்பாக்ஸில் கேட்காதீர்கள், எனக்கு எந்தக் கம்பெனியிலும் கமிஷன் கிடையாது. வாங்குவதற்கு முன் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள், அன்றைக்கு எனக்கு வகுப்பு இல்லை. சேலையோடு ஓட்டலாம், செயினுக்கு மூடி இருக்கிறது. உயரம் குறைந்தவர்கள் சீட்டை இறக்கிக்கொள்ளலாம், ஸ்பானர் அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும். ஆக்சிலேட்டர் வயரை நான் கழற்றிவிட்டேன், அதைத் தேட வேண்டாம்.