உடைந்த ஜாடியும் மூன்று பவுண்டும்

லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் ஒரு கண்ணாடி ஜாடி இருக்கிறது. பெயர் போர்ட்லாண்ட் வாஸ். உயரம் ஒரு அடி கூட இல்லை. சுமார் 2,000 வருடங்களுக்கு முன் ரோமானியர்கள் செய்தது. கருநீலக் கண்ணாடி மேல் வெள்ளைக் கண்ணாடியைப் போர்த்தி, அந்த வெள்ளையைச் செதுக்கியே மனித உருவங்களைக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

1845 பிப்ரவரி 7 அன்று, குடிபோதை தெளியாத ஓர் இளைஞன் பக்கத்திலிருந்த ஒரு கற்சிற்பத்தை எடுத்து இதன் மேல் எறிந்தான். ஜாடி நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகள்!

அடுத்து நடந்ததுதான் கூத்து. அவன் மேல் போட்ட சட்டம் 5 பவுண்டுக்குள் மதிப்புள்ள பொருளுக்குத்தான் செல்லும். ஜாடியோ அதைவிடப் பல மடங்கு பெறும். ஆகவே தண்டனை ஜாடிக்கு இல்லை, அதை மூடியிருந்த கண்ணாடிப் பெட்டியை உடைத்ததற்கு! அபராதம் 3 பவுண்டு. அதையும் யாரோ பெயர் சொல்லாமல் கட்டிவிட்டார்கள்.

"இதற்குத்தான் இந்த மாதிரிப் பொருளையெல்லாம் பூட்டி வைக்க வேண்டும்" என்று பலருக்கும் தோன்றும். நியாயம் போலத்தான் தெரிகிறது. ஆனால் தவறு.

1786-ல் இந்த ஜாடியை ஏலத்தில் எடுத்த போர்ட்லாண்ட் பிரபு, அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டவில்லை. ஜோசையா வெட்ஜ்வுட் என்ற பீங்கான் தொழிலதிபரிடம் இரவல் கொடுத்தார். வெட்ஜ்வுட் சுமார் நான்கு வருடம் மெனக்கெட்டு அச்சு அசலாக நகல் செய்தார். 1845-ல் ஜான் டபுள்டே துண்டுகளை ஒட்ட உட்கார்ந்தபோது கை கொடுத்தது அந்த வெட்ஜ்வுட் நகல்தான். அன்று பூட்டி வைத்திருந்தால் நகலும் இல்லை, எது எங்கே பொருந்தும் என்ற வழிகாட்டியும் இல்லை.

அப்போதும் 37 சில்லுகள் மிச்சமாயின. 1948-49-ல் பிரித்து மறுபடி ஒட்டினார்கள், மூன்று சில்லுகள்தான் சேர்ந்தன. பழைய பசை பலவீனமானதால் 1988-89-ல் மீண்டும் பிரித்தார்கள். இந்த முறை அநேகமாக எல்லாமே இடம் பிடித்துவிட்டன.

ஆக, ஒரு பொருளைக் காப்பாற்றுவது ஒரு பூட்டோடு முடிகிற வேலை இல்லை. ஐம்பது, நூறு வருடத்துக்கு ஒருமுறை வந்துகொண்டே இருக்கும் செலவு அது. யாரும் பார்க்காத பொருளுக்கு அந்தச் செலவை யார் செய்வார்கள்?