ஐம்பது ஸி.ஸி.யின் வம்சம்

நம் வளாகத்தில் யாராவது ஒருவர் பி.எம்.டபிள்யூ. ஜி 310 ஜி.எஸ். மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினால் போதும், அதைச் சுற்றி ஒரு சிறு சபை கூடிவிடுகிறது. "ஜெர்மானிய வண்டி!" என்று வியப்பார்கள். அது ஓசூரில் செய்யப்பட்டது என்று நாம் சொன்னாலோ, "அங்கே வெறுமனே பூட்டி முடுக்கியிருப்பார்கள்" என்ற பதில் வரும். நம்மவர்களும் அதைக் கேட்டுப் பேசாதிருக்கிறார்கள். இந்த மௌனம் எனக்குப் பிடிக்கவில்லை. ஊர்ப்பாசம் என்பீர்கள், ஓரளவு அதுவும் உண்டு, மறைப்பானேன்?

மூனிச் நகரத்துக் கம்பெனியும் நம் டி.வி.எஸ். கம்பெனியும் 2013-இல் உடன்படிக்கை செய்துகொண்டன. அதன் பயனாய்ப் பிறந்தது 313 ஸி.ஸி. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின். இந்தியாவில் 2018-இல் விற்பனைக்கு வந்த ஜி.எஸ். வண்டியில் இருந்ததும் அதுவே, டி.வி.எஸ்.ஸின் அப்பாச்சி ஆர்.ஆர். 310 வண்டியில் இருந்ததும் அதுவே. ஜி.எஸ்.ஸின் வரைவில் மூனிச்சின் கை பெரிது என்பதை ஒப்புக்கொள்வோம். செய்த கை ஓசூருடையது. அங்கிருந்து புறப்பட்ட 310 வரிசை வண்டிகள் ஓர் இலட்சத்துக்கும் மேல்.

பெருமை பேசுவோர் அடுத்து எடுப்பது மரபு என்ற சொல்லை. 1980-இல் வெளிவந்த ஆர் 80 ஜி/எஸ் என்ற 797 ஸி.ஸி. வண்டிதான் இவ்வகைக்கெல்லாம் மூதாதை என்பார்கள். கரட்டு நிலம், சாலை என்ற இரண்டு ஜெர்மன் சொற்களின் முதலெழுத்துக்களே அந்த ஜி.எஸ். மறு ஆண்டே யூபேர் ஓரியோல் அவ்வண்டியில் பாரிஸ்–டக்கார் பாலைவனப் பந்தயத்தை வென்றார். உண்மையான புகழ்தான்.

அதே 1980-இல் ஓசூரிலும் ஒரு வண்டி பிறந்தது. டி.வி.எஸ். 50! அதற்கு எந்தப் பாலைவனமும் வாய்க்கவில்லை. வாய்த்தவை ஏரிக்கரையும் வாய்க்கால் வரப்பும் ஆற்று மணலும். இருபுறமும் பால் கேன்கள், பின்னால் புல்லுக்கட்டு, முன்னால் அரிசி மூட்டை, அதன்மேல் ஒரு குழந்தை! இத்தனையும் சுமந்து அது போகாத கரட்டு வழி எது? பெட்ரோல் தீர்ந்தால் மிதித்தாவது அடுத்த ஊரை எட்டலாம். சேற்றில் சிக்கினால் ஓர் ஆளே தூக்கி எடுத்துவிடலாம். கரட்டு நிலமும் சாலையும் என்ற அந்த இரண்டெழுத்துப் பட்டம் இதற்கும் பொருந்தாதோ?

கரட்டு வழியில் முதற்பகை எடைதான். இன்றைய ஆர் 1300 ஜி.எஸ். 237 கிலோ, மணலில் சாய்ந்துவிட்டால் உதவிக்கு ஆள் தேட வேண்டும். 2018-இல் வந்த ஜி 310 ஜி.எஸ். 170 கிலோவை எட்டவில்லை. சிறிய எஞ்சின், குறைந்த எடை, யாரும் ஓட்டலாம் என்ற இந்த எண்ணம் பாலைவனப் பந்தயத்தில் கற்ற பாடமா, பால்காரரிடம் கற்ற பாடமா? நான் பால்காரர் பக்கம். ஆயினும் 310-ஐ வானளாவப் புகழ வேண்டியதில்லை. வார்ப்புச் சக்கரம் கொண்டு வந்த வண்டி அது. பாறை வழிக்குக் கம்பிச் சக்கரமே நல்லது.

டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911-இல் மதுரையில் தொடங்கிய தொழிலின் கிளை இது. சுஸுகியோடு கூடித் தொழில் செய்து, 2001-இல் பிரிந்து தனித்து நின்றது. 2020-இல் 1898-இல் தொடங்கிய நார்ட்டன் என்ற ஆங்கிலப் பெயரையே விலைக்கு வாங்கிவிட்டது. பழம்பெருமையைக் காசு கொடுத்தும் பெறலாம் போலும்! வீட்டில் இருப்பதை மட்டும் நாம் ஏன் பரணில் போட்டுவைக்கிறோம்? நம்மில் பலர் பள்ளிக்குப் போனது அந்த 50-இன் பின்சீட்டில் அல்லவா? இங்கே அதைச் சொல்லக் கூசுகிறோம்.

2025 அக்டோபரில் டி.வி.எஸ். தன் சொந்தப் பெயரிலேயே இவ்வகை வண்டி ஒன்றை வெளியிட்டது: அப்பாச்சி ஆர்.டி.எக்ஸ். 300. இதையும் "அந்த ஜெர்மானிய எஞ்சின்தானே" என்று யாராவது சொல்லக்கூடும். அன்று, நண்பர்களே. இது டி.வி.எஸ். தானே உருவாக்கிய 299 ஸி.ஸி. எஞ்சின். 310-இல் சிலிண்டர் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். காற்று முன்புறம் புகுந்து, புகை பின்புறம் வெளியேறும். இதில் அந்தத் தலைகீழ் அமைப்பு இல்லை. ஐயமிருப்பவர்கள் சற்றே குனிந்து, புகைக்குழாய் எங்கே தொடங்குகிறது என்று பார்த்துக்கொள்ளட்டும்.