மர நாற்காலி மீது விழும் பழிகள்

ஆலங்காயத்தில் கல்யாணச் சீருக்கு நாற்காலி, சோபா பார்க்கக் கிளம்புகிறவர்கள் காதில் விழும் பேச்சு இது: “மரச்சாமானைக் கரையான் அரிச்சிடும், வெயிலுக்கு வெடிக்கும், விலையும் ஜாஸ்தி. ஃபாரின் சாமான்தான் உழைக்கும்.” ஜவ்வாது மலையடிவாரத்து ஊரிலேயே இந்தப் பேச்சு எடுபடுவது வருத்தம் தருகிறது. அதில் பெரும்பகுதி தவறு.

முதலில் கரையான். தேக்கின் வைரக்கட்டையில் டெக்டோகுயினோன் என்ற பொருள் இயற்கையிலேயே உண்டு. கரையானுக்கு அது ஆகாது. வைரத்தைச் சுற்றியுள்ள வெளிறைத்தான் கரையான் தின்னும். தேக்கு நாற்காலியின் கால் அரித்துப்போயிருந்தால், வெளிறைக் கழிக்காமல் அறுத்திருக்கிறார்கள் என்றே பெரும்பாலும் பொருள். ஃபாரின் சாமான் பலவற்றில் உள்ள பார்ட்டிகிள் போர்டும் எம்.டி.எஃப். பலகையும் மரத்தூளையும் நாரையும் பசையிட்டு அழுத்திய தூள்பலகைகள். கரையானுக்கு அவையும் இரைதான்.

வெடிக்கும் என்பதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஈரம் காயாத கட்டையில் செய்தால் சித்திரை வெயிலில் விரிசல் விடும். ஆனால் நல்ல தச்சர் காய்ந்த கட்டையைத் தேர்ந்து, நாற்காலியின் காலில் துளை எடுத்து, சட்டத்தின் முனையைச் செதுக்கி அதில் இறக்கி, குறுக்கே மூங்கில் ஆணி அடிப்பார். இருபது வருடம் கழித்து இளகினாலும் கழற்றி, ஆப்பு வைத்து இறுக்கிவிடலாம். தூள்பலகையில் திருகின் துளை ஒருமுறை பொடிந்துவிட்டால் திருகு மறுபடி கவ்வாது. தண்ணீர் பட்டால் நிலைமை இன்னும் மோசம். 2021 நவம்பரில் பாலாறு பெருகி, கரையோர ஊர்களில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அப்படி நனைந்த தேக்கு நாற்காலியைக் கழுவி நிழலில் உலர்த்தினால் மறுபடி உட்காரலாம். ஊறி உப்பிய தூள்பலகை பழைய கனத்துக்குத் திரும்புவதில்லை.

கடல் கடந்து வந்தது என்பதற்காக மட்டும் எதையும் தள்ளவும் கூடாது. மலேசிய ரப்பர் மர நாற்காலி முழு மரத்தால் ஆனதே. பூச்சி எளிதில் விழும் மரம் என்பதால் போரான் உப்பு ஏற்றிச் செய்கிறார்கள். ஈரம் படாத வீட்டில் நன்றாகவே உழைக்கும். வியன்னாவின் மைக்கேல் தோனெட் 1859-இல் கொண்டுவந்த 14-ஆம் எண் நாற்காலி, ஆறு மரத்துண்டுகளைத் திருகால் இணைத்தது. ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகளைக் கழற்றி அடுக்கி உலகமெங்கும் அனுப்பினார்கள். கழற்றி மாட்டும் சாமானும் நீடிக்கும் என்பதற்கு அது சாட்சி.

‘பர்மா தேக்கு’ என்ற பெயரை நம்புவோரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2014 ஏப்ரலில் மியான்மர் உருட்டுக்கட்டை ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. இப்போது இந்தியாவுக்கு ஆப்பிரிக்க, தென்னமெரிக்கத் தோட்டத் தேக்கும் வருகிறது. இளசில் வெட்டிய மரமென்றால் வெளிறு அதிகமிருக்கும்.

சோபாவின் மேலுறை விஷயத்தில் தோல் பதனிடும் வட்டாரமே ஏமாறக் கூடாது. ‘லெதர் சோபா’ என்று விற்கப்படுபவற்றில் பல, துணிமேல் பாலியூரிதேன் பூசியவை. வெப்பமும் ஈரமும் சேரும்போது அந்தப் பூச்சு சிதைந்து செதில் செதிலாக உரியும். ‘பாண்டட் லெதர்’ என்பது கழிவுத் தோல் சீவலை அரைத்து, பிசினோடு சேர்த்துத் தகடாக்கி, மேலே பூச்சு கொடுத்தது, அதுவும் உரியும். ஆம்பூர், வாணியம்பாடியில் தோல் வேலை பார்த்தவரைக் கூட்டிப்போனால் வெட்டு விளிம்பைப் பார்த்தே சொல்லிவிடுவார்: நிஜத் தோலில் பின்னிய நார் தெரியும், பூச்சுத் துணியில் நெசவு தெரியும்.

மிச்சம் விலை. வாங்கும் அன்று மரம் கூடுதல்தான். ஆனால் பிரம்பு நாற்காலியில் இருக்கை தொய்ந்தால் பிரம்பை மட்டும் மாற்றினால் போதும். அலுவலக நாற்காலிகளுக்குப் பிரம்பு பின்னுவது பார்வையற்றோர் பலருக்குப் பிழைப்பாகவே இருந்தது. செட்டிநாட்டு வீடுகளின் பழைய நாற்காலிகள் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் இன்றும் விலைபோகின்றன. தேக்கு கட்டுப்படியாகாதவர்களுக்கு வேம்பும் பூவரசும் பக்கத்திலேயே கிடைக்கும். முன்பணம் கொடுக்குமுன், கட்டை எத்தனை மாதம் காய்ந்தது என்று தச்சரிடம் கேட்டு, வெளிறு கழித்த பலகையைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.